கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா

காணைக் கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். கரும்பு வெட்டவும், நடவுக்கும், களையெடுக்கவும் போய்த் திரும்புகிறவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அன்றாடத் தேவைகளை வாங்குவார்கள். எல்லாம் முடிந்து மீதிச் சில்லறைக்குக் கை நீட்டும்போது, "அப்படியே உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்பார்கள். கடைக்காரரும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பார். யாருக்கு என்று கேட்பதில்லை. என்ன வயது என்று கேட்பதில்லை. சில்லறை இல்லாதபோது மிட்டாய் கொடுப்பதைப் போலத்தான் அது நடக்கிறது.

காணையில் மட்டுமா? கெடாரிலும் அன்னியூரிலும் இதே டப்பாதான். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் டப்பா இல்லாத மளிகைக் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை எழுதும் நாமும் கடை வைத்திருப்பவர்களே. நம் கடையிலும் அந்த டப்பா பல வருடம் இருந்தது. ஆகவே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. நம் இனத்து நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த நண்பர் காணை ஒன்றியத்தில் ஒரு சிறிய கிராமத்தில் மளிகைக் கடை நடத்துகிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கடைக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆயா இருந்தார். முட்டி வலி. ஒரு நாள் சாயங்காலம் வந்து கேட்டபோது, விழுப்புரத்திலிருந்து சரக்கோடு சேர்த்து வாங்கி வந்திருந்த வலி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார். மறுநாள் ஆயா சிரித்துக்கொண்டே வந்தார். "தம்பி, ராத்திரி நல்லாத் தூங்கினேன். இன்னும் நாலு குடு." அதன் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. இரவுக்கு ஒன்று, வேலை அதிகமான நாளில் காலையிலும் ஒன்று. மூன்று வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. ஆயாவுக்குச் சர்க்கரையும் உண்டு என்பது நண்பருக்குத் தெரியும். சர்க்கரைக்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாது.

பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் வெகுவாகப் பழுதாகிவிட்டன. "என்னென்ன மாத்திரை சாப்பிட்டு வந்தார்?" என்று டாக்டர் கேட்டபோது மகன் வீட்டில் கிடந்த வெற்று அட்டைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். நறுக்கிக் கொடுத்த துண்டுகளில் ஒன்றில் மருந்தின் பெயரில் பாதி. இன்னொன்றில் வெறும் வெள்ளித் தாள். கடைசியில் மகன் நண்பரின் கடைக்கே வந்து கேட்டார்: "அண்ணே, அம்மாவுக்கு நீங்க குடுத்த மாத்திரை பேர் என்னா? டாக்டர் கேக்கறாரு."

கோபமாகக் கேட்கவில்லை என்று நண்பர் சொன்னார். "கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை."

சர்க்கரை பாதி கெடுத்தது, மாத்திரை மீதியைக் கெடுத்தது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நல்ல உடம்புக்கு இரண்டு மூன்று நாள் அது பெரிதாகத் தெரியாது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள், வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றியவர்கள், வயதானவர்கள் ஆகியோர் நாள்தோறும் விழுங்கினால் சத்தமில்லாமல் சிறுநீரகம் போய்விடும். வயிற்றில் புண் வந்து இரத்தம் கசிவதும் உண்டு. நம்மிடம் வலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வெயிலில் வேலை செய்தவர்களும் வயதானவர்களும்தான்.

சட்டம் நமக்கு விட்டிருக்கும் இடம்

நண்பரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி, "லைசென்ஸ் இல்லாமல் விற்கலாமா?" என்பது. "சின்ன ஊரில் மளிகைக் கடையில் மாத்திரை விற்கலாம் என்று சட்டமே சொல்கிறதாமே" என்றார் அவர். நம்மில் பலரும் இப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் ஆபத்து.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் மருந்து விற்கக் கூடாது. அதன் கீழ் 1945-இல் வந்த விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. சில வீட்டு மருந்துகளை மட்டும் உரிமமின்றி விற்க அது விலக்கு அளிக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை, ஆஸ்பிரின் மாத்திரை, வலித் தைலம், நெஞ்செரிச்சலுக்கான மருந்து, குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர், பஞ்சு, கட்டுத் துணி, பிளாஸ்டர், விளக்கெண்ணெய், நீலகிரித் தைலம் போன்றவை அதில் வரும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஊரின் மக்கள்தொகை 1000-க்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஊரில் உரிமம் பெற்ற மருந்துக் கடை இருக்கக் கூடாது. உரிமம் பெற்ற மொத்த வணிகரிடமோ தயாரிப்பாளரிடமோதான் வாங்கியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் கட்டியனுப்பிய உறையைப் பிரிக்காமல் அப்படியே விற்க வேண்டும். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்து எதுவும் அதில் சேர்ந்திருக்கக் கூடாது.

இப்போது நம் டப்பாவைப் பார்ப்போம். காணை ஒன்றியத் தலைமையிடம். மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டி எத்தனையோ காலமாகிறது. மருந்துக் கடையும் இருக்கிறது. ஆகவே காணைக் கடைத்தெருவுக்கு இந்த விலக்கு பொருந்தாது. நண்பரின் ஊர் சின்ன ஊர்தான். ஆனால் அவர் விற்றது பாராசிட்டமால் அல்ல, சீட்டு தேவைப்படும் வலி மாத்திரை. அதையும் நறுக்கி விற்றார். விலக்கு அவருக்கும் இல்லை. உரிமம் இல்லாமல் மருந்து விற்றால், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ஒரு லட்ச ரூபாய் அல்லது பிடிபட்ட மருந்தின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்ல வக்கீல் வைக்க வேண்டும், வாய்தாவுக்கு நடக்க வேண்டும், கடையைப் பூட்ட வேண்டும். ஒரு மாத்திரையில் நமக்கு நிற்பது ஐம்பது காசோ ஒரு ரூபாயோ. நாளைக்கு இருபது மாத்திரை என்றாலும் மாதம் முழுக்க விற்று மூட்டை அரிசி ஒன்றின் விலை கூடத் தேறாது.

முறையாக விற்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மருந்தாளுநரை வைத்துக்கொள்ள முடியாத சிறு கடைக்காரர்களுக்கென்றே 20-ஏ, 21-ஏ படிவங்களில் வரையறுக்கப்பட்ட உரிமம் உண்டு. மருந்தாளுநர் மேற்பார்வை தேவையில்லாத மருந்துகளை மட்டும் அதன் பேரில் விற்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் உறுப்பினர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே மிகச் சிலர்.

நறுக்கி விற்பதில் இன்னொரு கேடு. காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். முனை போனால் இரண்டும் போயின. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் 48.6 சதவீதம் இருந்தது. செய்தி வெளியானதும் அந்தத் தொகுதி எண் உள்ள பாட்டில்களை மருந்துக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க முடிந்தது. அவர்களிடம் பில் இருக்கிறது, பதிவு இருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி டப்பாவில் கொட்டி வைத்திருக்கும் நம்மிடம் யார் வந்து எதைத் திரும்ப எடுக்க முடியும்? குழந்தைகளுக்கான சளி, இருமல் மருந்து எதையும் மளிகைக் கடையில் வைக்காமல் இருப்பதே நல்லது. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துவிட்டது.

இளைஞர்கள் கையில் இருக்கும் மாத்திரை

நம் வட்டாரம் விஷத்தை அறியாததல்ல. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச் சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். 2024 ஜூனில், முன்பு நம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு சாராயத்தைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. மாத்திரையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் இன்று போலீஸார் 'போதை மாத்திரை' என்று பிடிப்பவற்றில் பெரும்பாலானவை கள்ள ஆலையில் செய்தவை அல்ல. ஆபரேஷன் செய்த நோயாளிக்கும் புற்றுநோய் வலியால் துடிப்பவருக்கும் டாக்டர் எழுதித் தரும் மருந்துகளே. முன்பு டிரமடால் என்ற வலி மாத்திரையை இப்படித் தவறாகப் பயன்படுத்தினார்கள். 2018 ஏப்ரலில் அது 1985-ஆம் ஆண்டின் போதை மருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு டேபென்டடால் என்ற மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து சிறு நகரங்கள் வரை இளைஞர்கள் இதைத் தண்ணீரில் கரைத்து ஊசி வழியே நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையை உருட்டித் திரட்டச் சேர்க்கும் மாவுப் பொருள்கள் தண்ணீரில் முழுதும் கரையாது. அவை இரத்தக் குழாயை அடைத்து நுரையீரலில் போய்த் தங்கும். கை சீழ் வைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமிகளும் மாறும். அளவு கூடினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். கூடவே மதுவும் குடித்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

இந்தச் சரக்கு நம் நாட்டோடு நிற்கவில்லை. டேபென்டடாலோடு வேறொரு மருந்தைக் கலந்து மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பி வந்ததை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளிப்படுத்திய பிறகு, அந்தக் கலவையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் மத்திய அரசு தடை விதித்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் தெருவோரக் கடைகளில் அது விற்றுக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் நாம் விற்பதில்லையே" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை, நம்மில் யாரும் விற்பதில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். எந்த வலிக்கும் ஒரு மாத்திரை உண்டு, அதை யாரிடமும் கேட்காமல் வாங்கலாம், பெயர் தெரிய வேண்டியதில்லை, எத்தனை என்பது நம் விருப்பம் என்ற பாடத்தை அந்தப் பையன் எங்கே படித்தான்? ஏழு வயதில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கிவர அனுப்பப்பட்டு நம் கடைக்குத்தானே வந்தான்? ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் கடலை மிட்டாயும் கொடுத்து அனுப்பியவர்கள் நாம்.

மத்திய சமூகநீதி அமைச்சகம் எய்ம்ஸ் மூலம் எடுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மருத்துவத் தேவையின்றித் தூக்க மாத்திரை, மயக்க மாத்திரை வகைகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் வேறொரு விவரமும் உண்டு. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிக விகிதத்தில் பயன்படுத்தும் போதை ஒன்றே ஒன்றுதான். அது முகரும் பொருள்கள்: பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர். இவை மருந்துக் கடையில் இல்லை. ஹார்டுவேர் கடையிலும் ஸ்டேஷனரிக் கடையிலும், அதாவது நம்மிடம் இருக்கின்றன. பாட்டிலில் ஒயிட்னரும் தின்னரும் விற்பதை 2012-லேயே மத்திய அரசு தடுத்தது அதனால்தான். சைக்கிளே இல்லாத பையன் வாரம் மூன்று முறை பஞ்சர் சொல்யூஷன் கேட்டு வந்தால் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மொத்த வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரைகள் கூரியரிலும் பார்சல் சர்வீஸிலும்தான் மாநிலம் விட்டு மாநிலம் வருகின்றன. "அண்ணே, ஒரு பார்சல் வரும், உங்க கடைப் பேர்ல வாங்கி வைங்க" என்று தெரிந்த பையனே வந்து கேட்டாலும் சம்மதிக்க வேண்டாம்.

நம் சட்டைப் பையிலும்

இனி எழுதப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். மாத்திரைப் பழக்கம் விடலைப் பையன்களுடையது மட்டுமல்ல; வணிகர்களுக்கும் உண்டு. விடியற்காலை காய்கறிச் சந்தை, பகல் முழுதும் கால் கடுக்க நிற்பது, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கினால் வட்டிக் கணக்கு, வராத பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு. படுத்தால் தூக்கம் வருவதில்லை. எப்போதோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தச் சீட்டு மடித்து மடித்துக் கிழிந்து போயிருக்கும். மாத்திரை மட்டும் நாலாவது வருடமாகத் தொடரும். தெரிந்த மருந்துக் கடை. நம் சங்கத்து ஆள். இல்லை என்று எப்படிச் சொல்வார்?

அவரைச் சங்கடத்தில் மாட்டுகிறோம் என்பதையும் நாம் உணர்வதில்லை. அல்பிரசோலம் 'எச்-1' அட்டவணை மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, எழுதிய டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பேரேட்டில் எழுதி 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். நட்புக்காகத் தரும் ஒவ்வோர் அட்டையும் அவர் பேரேட்டில் ஓர் ஓட்டை. நட்பு இருக்கிறது என்பதற்காக நாம் அரிசியை எடை குறைத்து வாங்கிக்கொள்கிறோமா?

நிறுத்தியே தீருவது என்று வீறாப்பாக ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் படபடப்பு, நடுக்கம் வரும். வலிப்பு கூட வரும். டாக்டர் பார்த்து அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை கேட்க 14446, மன உளைச்சலுக்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்களும் உண்டு. பெயர் சொல்லாமலே பேசலாம்.

ஊர் சேர்ந்தால் நடக்கும்

ஊரே சேர்ந்து ஒரு பழக்கத்தை எதிர்கொண்டதற்கு நம் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. நம் கடை அலமாரிகளில் காலங்காலமாக இருக்கும் கிரைப் வாட்டர் பாட்டிலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த டி.டி.கே. நிறுவனத்தை அறியாத வணிகர் இல்லை. அந்தக் குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன், குடிப்பழக்கத்தால் கணவரை இழந்தவர். அவர் 1980-இல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். கிராமத்து ஏழை சென்னைக்கு வந்து மாதக்கணக்கில் தங்க முடியாது என்பதைக் கண்டு, 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில், மஞ்சக்குடி என்ற ஊருக்குச் சிகிச்சை முகாமையே கொண்டு போனார்கள். பதினைந்து நாள் முகாம். இடம் கொடுத்தவர்கள், குடிநோயாளிகளைப் பேசி அழைத்து வந்தவர்கள், முகாம் முடிந்த பிறகு அவர்கள் மறுபடி வழுக்கி விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். அது மதுவுக்கான முகாம்தான். ஆனால் டாக்டர் போன பிறகு ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மாத்திரைக்கும் பொருந்தும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஊரில் திறந்திருக்கும் ஒரே கதவு நம்முடையது.

அண்டை மாநிலமான கேரளம், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மருந்துக் கடைகளைப் பிடிக்க 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்று திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. பொதுமக்களும் தகவல் தரலாம் என்று அறிவித்தது. சோதனையும் வேண்டும்தான். ஆனால் சோதனைக்குப் பயந்து டப்பாவைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைப்பதால் ஊருக்கு என்ன லாபம்?

ஒளிக்காமல் சொல்வதற்குச் சில வார்த்தைகள் போதும். நம் நண்பர் இப்போது சொல்வது இதுதான்: "எத்தனை நாளா வலி? சக்கரை, பிரஷர் இருக்கா? ரெண்டு நாளுக்கு மேல வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க மாத்திரை சும்மாவே குடுக்கறாங்க." ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து நம்மிடம் வாங்குகிறவர்கள் அங்கே கூலி கெட்டுவிடும் என்று அஞ்சித்தான் போவதில்லை. ஆகவே எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்று கேட்டு வைத்துக்கொண்டு சொன்னால் போகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வரும் ஊழியரிடம் "அந்த வீட்டு ஆயாவுக்கு முட்டி வலியாம்" என்று ஒரு வார்த்தை போட்டு வைப்பதும் வேலை செய்கிறது.

மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களுக்கு அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமான மருந்து. இந்தக் கோட்டை மக்களுக்கு அறிமுகப்படுத்த மத்திய அரசு 2016 பிப்ரவரியில் ஓர் இயக்கமே நடத்தியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு தெரியும். கோடு இல்லாததெல்லாம் மிட்டாய் என்றும் நினைத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை, திடமான பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. குடிப்பவருக்கு அதற்கும் குறைவு. மீறினால் ஈரல் கெடும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குகிறவருக்கு இரண்டிலும் அதே பாராசிட்டமால் இருப்பது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று வருகிறவருக்கு வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ தரவே கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும்.

"நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வார்கள்" என்று ஒரு பேச்சு எழும். நியாயமான பேச்சு. ஒரு கடைக்காரர் மட்டும் டப்பாவை எடுத்தால் அவருக்கு வாடிக்கையாளர் நஷ்டம்; மாத்திரைக்குப் போகிறவர் பருப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார். ஆகவே இது தெருவாகச் சேர்ந்து செய்ய வேண்டியது. மே 5 வணிகர் தினத்தில் எல்லாக் கடையும் ஒரே நாளில் ஷட்டரை இறக்குகிற நம்மால் ஒரே நாளில் டப்பாவை எடுக்க முடியாதா? காணை ஒன்றியக் கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு மருந்தாளுநரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைத்துப் பேசச் சொல்லலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில், எந்தெந்தக் கடைகள் மாத்திரையை நறுக்கி விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கின்றன என்பதை நாமே எழுந்து சொல்லலாம். பள்ளிகளில் இயங்கும் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றப் பிள்ளைகள் கடைக்கு வந்து சிவப்புக் கோட்டைப் பார்த்துப் போகட்டும். போலீஸார் பேசினால் பிள்ளைகள் கைகட்டிக் கேட்பார்கள். கடைக்காரர் பேசினால் கேள்வி கேட்பார்கள்.

நண்பர் தம் டப்பாவைக் காலி செய்து கழுவி, அதில் இப்போது கற்கண்டு வைத்திருக்கிறார். முதல் மாதம் நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்களாம். மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். ஆயாவின் மகன் போகவே இல்லை. மாதச் சாமான் இன்னும் அங்கேதான் வாங்குகிறார்.

ஆயா வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். பஸ் நிறுத்தம் நண்பரின் கடை வாசலில்தான். அந்த இரண்டு நாளும் கடை திறந்ததும் நண்பர் முதல் வேலையாக ஒரு நாற்காலியை வெளியே கொண்டு வந்து நிழலில் போடுகிறார். ஆயா வந்து உட்கார்ந்து, "வியாபாரம் எப்படி தம்பி?" என்று கேட்கிறார்.